நீலச் சிம்மும் நெளிந்த தட்டும்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து பதினோரு தடவை கரண்டியால் தட்டை அடித்துவிட்டார் என் வீட்டுக்காரர். எண்ணினேன். ஓர் அடி என்றால் இங்கே வா. இரண்டு என்றால் தண்ணீர். மூன்றுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியாது. நான் கை வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்ற பிறகு யோசித்துப் பலகையில் எழுதுகிறார். மேசை மணி ஒன்று வாங்கி வைத்தேன். லேசாகத் தட்டினால் போதும், டிங் என்று அழகாக ஒலிக்கும். அதைத் தொடவே இல்லை. "அதுல வேகம் இல்ல" என்று எழுதிக் காட்டினார். என் நல்ல தட்டின் விளிம்பு நெளிந்ததுதான் மிச்சம்.

அறுவை முடிந்து இன்றோடு பன்னிரண்டு நாள். இருபத்தாறு வருடம் காய்கறிச் சந்தையில் ஏலம் விட்ட தொண்டை. விடியற்காலையில் அவர் மூட்டை மேல் ஏறி நின்று கத்தினால் சந்தையின் கடைசிக் கடைக்காரர் வரைக்கும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தத் தொண்டையிலிருந்து ஒரு கட்டியை எடுத்திருக்கிறார்கள். எடுத்ததைச் சோதித்ததில் முதல் முடிவு தெளிவாக இல்லையாம். பெரிய பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். மூன்று வாரம் ஆகும். நல்லபடியாக வந்தால் குரல் தங்கும். இல்லையென்றால் குரல்வளையையே எடுக்க வேண்டி வரலாம். அதுவரை வாயிலிருந்து ஒரு சத்தம் வரக் கூடாது. "கிசுகிசுன்னும் பேசாதீங்க, அது கத்தறதவிடக் கெடுதல்" என்று டாக்டர் சொன்னார். இவர் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டார்.

மாலையில் மேற்பார்வையாளர் போன். "பன்னண்டாம் தேதி கிளம்பிடுங்கம்மா. போன மாசமே ஒத்தி வச்சாச்சு. வெயில் ஏறினா மருந்து பூரா வீணாயிடும்." மலை மேல் ஏழு சுகாதார நிலையங்கள், ஏழு தடுப்பூசிக் குளிர்பெட்டிகள். எல்லாம் சோலாரில் ஓடுபவை. இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் நிற்காவிட்டால் உள்ளே இருக்கும் மருந்தைக் குப்பையில்தான் கொட்ட வேண்டும். அவற்றைப் பழுது பார்க்க இந்த வட்டாரத்தில் இரண்டே பேர், அதில் நான் ஒருத்தி. இன்னொருவர் காலை உடைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். அவருக்கு மட்டும் எப்படி இப்படியெல்லாம் வசதியாக அமைகிறது?

மார்ச் 5, வியாழன்

செல்போன் கடையில் ஒன்றரை மணி நேரம். நிறுவனங்களின் பெயரை எழுதினால் எனக்கு ரத்தம் கொதிக்கும். நிறத்தால் எழுதுகிறேன். என்னுடைய சிம் சிவப்பு. அவருடையது நீலம். விளம்பரத்தில் மலை உச்சியில் ஒருவன் கையை விரித்துக்கொண்டு நிற்பானே, அது மஞ்சள்.

சிவப்பு ஊருக்குள் பறக்கும். அடிவாரத்தைத் தாண்டினால் செத்துவிடும். அது போன வருடமே பட்டுத் தெரிந்தது. அதனால் வேறு ஏதாவது வாங்கியாக வேண்டும். நான் போவது பன்னிரண்டு நாள். இங்கே இந்த மனுஷன் வாயைக் கட்டிக்கொண்டு தனியாக இருப்பார். பகலில் எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

கடைக்காரப் பெண் தலையைத் தூக்காமலே சொன்னாள். "அக்கா, மேப் பாத்து வாங்காதீங்க. மேல இருக்கறவங்க எதுல பேசறாங்கன்னு கேட்டுட்டு வாங்குங்க."

நல்ல யோசனைதான். ஆனால் வீட்டில் ஒருவர் இரண்டு நாளாக ஆராய்ச்சி செய்கிறார். ஏலக் கணக்கு எழுதும் நீள நோட்டில் கோடு போட்டு, நிறம் வாரியாக, வேகம் வாரியாக. எங்கிருந்தோ எவனோ எழுதியதை எல்லாம் படித்துவிட்டார். முடிவு: மஞ்சள். கவரேஜ் தொண்ணூற்று நான்கு சதவீதம் என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தார். செயற்கைக்கோள் இணையமும் பரிசீலனையில் இருந்ததாம், ஒரு தட்டை நான் போகும் ஜீப் கூரையில் வைத்தால் போதுமாம். "ஜீப் கூரைல ஏற்கெனவே கம்ப்ரசரும் காஸ் சிலிண்டரும் இருக்கு. அதுக்கு மேல உங்க தட்டையும் வச்சுட்டு நான் டயர்ல உக்காந்து போறேன்" என்றேன். சிரித்தார். சத்தமில்லாமல் சிரிப்பதைப் பார்க்க இன்னும் பழகவில்லை.

மார்ச் 7, சனி

மஞ்சள் வாங்கியாயிற்று. சிம் இல்லை, சிம் உள்ளே வைத்த ஒரு சின்னப் பெட்டி. பையில் போட்டுக்கொண்டால் போகுமிடமெல்லாம் வைஃபை. நான்கு விளக்கு எரிகிறது.

எதிர்வீட்டு அக்கா கேட்டார்: "எதுக்கு இவ்வளவு பாடு? அவர் மெசேஜ் அனுப்பினா படிச்சுக்கோயேன். மெசேஜ் எங்க வேணும்னாலும் வருமே."

வரும். "எல்லாம் சரி" என்று வரும். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் எனக்கு எழுதி அனுப்பியது அது ஒன்றுதான். லாரி கவிழ்ந்து மூட்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டபோதும் எல்லாம் சரி. தொண்டையில் ரத்தம் வந்து நான்கு நாள் மறைத்தபோதும் எல்லாம் சரி. எழுத்தில் கூசாமல் பொய் சொல்வார். முகத்தில் மட்டும் சொல்ல வராது. இடது புருவம் காட்டிக் கொடுத்துவிடும். எனக்கு அந்தப் புருவம் தெரிய வேண்டும். அதற்கு வீடியோ வேண்டும். வீடியோவுக்கு இணையம் வேண்டும். இதை எதிர்வீட்டு அக்காவிடம் எப்படிச் சொல்வது? "சும்மா, ஆபீஸ் வேலைக்கு" என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

பெட்டி இங்கேயே வேலை செய்யவில்லை. வாடிக்கையாளர் சேவைக்குப் பேச வேண்டும். இந்த வீட்டில் அந்த இலாகா அவருடையது. கேஸ்காரனோ வங்கியோ, யாரானாலும் அவர்தான் பேசுவார். அரை மணியில் எதிர்முனைக்காரன் மன்னிப்பும் கேட்டு, இலவசமாக ஏதாவது கொடுத்துவிட்டும் போவான். எனக்குச் சாமர்த்தியம் போதாது. "பரவாயில்லைங்க" என்று நானே சொல்லி வைத்துவிடுவேன்.

இன்று நான் பேசினேன். அவர் எதிரே நின்றுகொண்டு பலகையில் எழுதி எழுதிக் காட்டுகிறார். "மேலதிகாரியக் குடுன்னு சொல்லு." அழித்தார். "பணத்தத் திருப்பிக் குடுக்கச் சொல்லு." அழித்தார். "ஏன் சிரிச்சுப் பேசற???" எதிர்முனையில் ஒரு பெண், தூக்கக் கலக்கக் குரல், பெட்டியை அணைத்துப் போடச் சொல்கிறாள். அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போடச் சொல்கிறாள். அவர் தட்டை எடுத்து ஐந்தாறு அடி அடித்தார். "என்ன சத்தம் மேடம்?" என்றாள். "ஒண்ணுமில்லீங்க, பரவாயில்ல" என்று வைத்துவிட்டேன்.

பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் பெட்டி தானாகவே வேலை செய்தது.

மார்ச் 11, புதன்

நாளை கிளம்ப வேண்டும். இன்று பார்த்து ஜீப் ஓட்டுநர் போனில் சொல்கிறார்: "மஞ்சளா? ஏம்மா, மூணாவது வளைவுலயே அது தூங்கிடுமே. மேல நீலம் மட்டுந்தாம்மா. பழைய டவரு."

ஓடினேன் கடைக்கு. கடைக்காரப் பெண் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை போதும். புது நீலச் சிம்முக்கு விரல் ரேகை வைக்க வேண்டும். வைத்தேன். ஏற்கவில்லை. மற்ற விரல். ஏற்கவில்லை. பத்து விரலும் வைத்தாயிற்று. கையைத் துடைத்து, ஈரப்படுத்தி, மறுபடி துடைத்து. "என்னக்கா வேலை பாக்கறீங்க, ரேகையே இல்லையே?" என்கிறாள். செம்புக் குழாயை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பற்ற வைக்கிற கை. இருபது வருடமாக. எங்கே இருக்கும் ரேகை? அந்த இயந்திரத்தைப் பொறுத்தவரை நான் ஆளே இல்லை. மனு போட்டால் ஒரு வாரம் ஆகுமாம்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். யாரிடம் என்று தெரியாமல் கத்தினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்—வேறென்ன செய்வார். பிறகு தன் போனைத் திறந்து சிம்மை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பலகை: "இதக் கொண்டு போ. உன்னுத எனக்குக் குடு. வீட்ல வைஃபை இருக்கு. எனக்கு யார் போன் பண்ணி என்ன ஆகப் போகுது, பேசவா போறேன்?"

இந்தப் பத்து நாளில் இந்த வீட்டில் உதித்த ஒரே உருப்படியான யோசனை. மாற்றிக்கொண்டோம்.

மார்ச் 13, வெள்ளி. முதல் நிலையம்

மஞ்சள் பெட்டி மூன்றாவது வளைவு வரைக்கும்கூட வரவில்லை. இரண்டாவதிலேயே நான்கு விளக்கும் சிவப்பு. அதன் கையேட்டை இன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். தொண்ணூற்று நான்கு சதவீதத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடியில், எறும்பு போன்ற எழுத்தில்: மக்கள்தொகை அடிப்படையில். அதாவது நூறு பேரில் தொண்ணூற்று நான்கு பேருக்கு எடுக்கும். மலையில் இருக்கிற மிச்ச ஆறு பேரைப் பார்க்கத்தான் நான் போய்க்கொண்டிருக்கிறேன். அவருடைய ஆராய்ச்சியில் எனக்கு வாய்த்தது இதுதான்.

நீலம் எடுக்கிறது. எங்கும் இல்லை, ஓர் இடத்தில். இங்கே எல்லா நிலையத்திலும் ஜன்னல் சட்டத்தில் ஓர் ஆணி அடித்து, கம்பி கட்டி ஒரு டம்ளரைத் தொங்க விட்டிருக்கிறார்கள். போனை அதில் போட்டால் சிக்னல். ஓர் அடி தள்ளினால் இல்லை. அந்த டம்ளரில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை, கழுவக்கூட எடுப்பதில்லை. நர்ஸ் அதைச் சிக்னல் டம்ளர் என்கிறார்.

ஸ்டூல் மேல் ஏறி நின்று வீடியோவில் பேசினேன். போன் டம்ளருக்குள் நிற்பதால் என் மூக்குத் துவாரம் மட்டும் தெரிந்ததாம், எழுதிக் காட்டினார். புருவம் இடத்தில்தான் இருந்தது. நிம்மதி.

மார்ச் 15, ஞாயிறு

அவர் சிம்மை வாங்கினேனா, அவர் சந்தையையே வாங்கினேனா? காலை ஐந்து மணிக்கு ஆரம்பிக்கிறது.

"அண்ணே, வெங்காயம் இன்னிக்கி என்ன போகும்?"

"அண்ணன் இல்லைங்க. நான் அவர் வீட்டுக்காரி."

"அண்ணி, வெங்காயம் என்ன போகும்?"

தக்காளிக்காரர், உருளைக்கிழங்குக்காரர், ஒருவர் விடாமல். தொண்டை எப்படி இருக்கிறது என்று கேட்டவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் அடுத்த மூச்சில் பூண்டு விலை கேட்டார். கம்ப்ரசரைக் கழற்றிப் போட்டுக் கை முழுக்க எண்ணெயோடு உட்கார்ந்திருக்கும்போது டம்ளருக்குள்ளிருந்து மணி அடித்தால்—ஓடிப் போய் ஸ்டூல் மேல் ஏறி—பூண்டு விலை!

மூன்றாவது பெட்டியின் கதவு ரப்பர் இற்றுப் போயிருந்தது. மாற்றினேன். நான்கு டிகிரியில் நிற்கிறது. சொன்ன பேச்சைக் கேட்கிற ஜீவன் இந்த மலையில் அது ஒன்றுதான்.

மார்ச் 16, திங்கள்

மழை. வீடியோ இல்லை. அவரிடமிருந்து: "எல்லாம் சரி."

பல்லைக் கடித்தேன்.

மார்ச் 18, புதன். ஐந்தாவது நிலையம்

எழுத உட்கார்ந்து அரை மணி ஆகிறது.

மத்தியானம் டம்ளரில் ஒரு குறுஞ்செய்தி வந்து விழுந்தது. பூண்டு என்று நினைத்துக்கொண்டு போனேன். பரிசோதனைக்கூடம். "தங்கள் அறிக்கை தயார். கீழுள்ள இணைப்பில் பார்க்கவும். கடவுச்சொல் தங்கள் பிறந்த தேதி." அவருடைய பெயர். அவருடைய எண். அந்த எண் என் கையில்.

இரண்டு பேருக்கும் தோன்றவில்லையே. இரண்டு பேருக்குமே! ஆஸ்பத்திரிப் படிவத்தில் அந்த எண்ணை எழுதியது நான்தான், என் கையால்.

இணைப்பைத் தொட்டேன். சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிறகு வெள்ளைத் திரை. மூன்று நாளாக மழை. நர்ஸ் சொன்னார்: "டவரும் சோலார்தான்க்கா, உங்க பெட்டி மாதிரி. பேட்டரி எறங்கினா முதல்ல நெட்டத்தான் நிறுத்துவாங்க. போனும் மெசேஜும் மட்டும் ஓடும். வெயில் வந்தா தானா வந்துரும்." எப்போது வரும் வெயில்? கையை விரித்தார்.

அந்த மஞ்சள் பெட்டியையும் வெளியே எடுத்து மேட்டு மேல் ஏறி நனைந்துகொண்டு தூக்கிப் பிடித்தேன். விளம்பரத்துக்காரன் மாதிரியே நின்றிருப்பேன். நான்கு சிவப்பு விளக்கு.

ஒரு வழி இருக்கிறது. இந்தச் செய்தியை அப்படியே அவருக்கு அனுப்பினால், வீட்டு வைஃபையில் ஒரு நிமிடத்தில் திறந்துவிடும். தனியாக உட்கார்ந்து படிப்பார். படித்துவிட்டு எனக்கு எழுதுவார். என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியாதா?

அனுப்பவில்லை.

மார்ச் 19, வியாழன்

மழை. பெட்டி வேலை பத்து மணிக்கே முடிந்தது. வழியில் மண் சரிந்திருப்பதால் ஆறாவது நிலையத்துக்குப் போக முடியாது என்று ஓட்டுநர் ஜீப்புக்குள் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். நான் இணைப்பைத் தொடுவதும் வெள்ளைத் திரையைப் பார்ப்பதுமாக இருக்கிறேன். எத்தனை தடவை என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

பதினோரு மணிக்கு அவரிடமிருந்து, அதிசயமாக நீளமாய்: "ரிப்போர்ட் இன்னும் வரல. லேட்டானா நல்லதுன்னு எதிர்வீட்டு அக்கா சொல்றாங்க. நீ எப்படி இருக்க?"

பதிலுக்கு நான் எழுதியது: "எல்லாம் சரி."

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். எனக்கே அருவருப்பாக இருந்தது. இவ்வளவு நாள் அவரைத் திட்டியதெல்லாம் என்ன? எழுதுவது எவ்வளவு சுலபம். இரண்டு சொல். வேறெதையும் எழுத விரல் வரவில்லை.

நர்ஸிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் சிரிஞ்சு எண்ணிக்கொண்டே கேட்டார். முடித்துவிட்டு, "அது அவர் தொண்டைக்கா" என்றார். "உங்க தொண்டை இல்லையே. நீங்க எதுக்குப் பூட்டி வச்சிருக்கீங்க?"

சுள்ளென்று கோபம் வந்தது. தனியா படிச்சு அவர் ஒடிஞ்சு போயிட்டா நீ வந்து பாப்பியா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. வெளியே வந்து ஜீப் டயரை உதைத்தேன். ஓட்டுநர் எழுந்து பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார்.

நர்ஸ் சொன்னது சரிதான். அதுதான் கோபம்.

நான் பயந்தது அவர் தனியாகப் படிப்பதற்கு மட்டுமா? அந்தக் குரல் இனி இல்லை என்று நான் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்குமே என்பதற்கும்தான். சந்தையிலிருந்து வந்ததும் வாசலிலேயே ஆரம்பிக்கும் அந்தக் குரல். கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன், மெதுவாப் பேசுங்களேன் என்று இருபது வருடம் சொன்னேன். எனக்கு அது வேண்டும். எவ்வளவு கத்தினாலும் பரவாயில்லை, வேண்டும்.

நாளை வெயில் வந்தால் வீடியோவில் வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்த்துக்கொண்டே அனுப்புவேன். வராவிட்டாலும் பகலுக்குள் அனுப்பிவிடுவேன்.

மார்ச் 20, வெள்ளி

பத்தரைக்கு வெயில். பதினொன்றுக்கு டம்ளருக்குள் இணையம் வந்தது. நான் ஸ்டூல் மேல். நர்ஸ் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை டம்ளருக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவில் அந்த மஞ்சள் பெட்டியை முட்டுக் கொடுத்துச் சாய்த்து வைத்தேன், முகம் தெரிவதற்காக. அது வாங்கியதில் கண்ட பலன்.

அவர் வந்தார். முகம் மழிக்கவில்லை. நான் சொன்னேன்: "ஏங்க, ரிப்போர்ட் வந்துருச்சு. என்கிட்ட வந்துருச்சு. உங்க நம்பர் என்கிட்டல்ல இருக்கு. முந்தாநேத்தே வந்துச்சு. நான் சொல்லல. திறக்க முடியல, உங்களுக்கு அனுப்பவும் மனசு வரல. நேத்து உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

பலகையை எடுத்து மெதுவாக எழுதினார்: "உன் மொகத்துல அப்பவே தெரிஞ்சிருக்கும். நெட்டு இல்லாமப் போச்சு."

அனுப்பினேன். மூக்குக் கண்ணாடியைத் தேடினார். தலையில்தான் இருந்தது, கைகாட்டிக் கத்தினேன். வீடியோ வீட்டுப் பழைய போனில் ஓட, தன் போனில் பிறந்த தேதியைத் தட்டினார். தப்பு. மறுபடி. ஐயோ, ஆஸ்பத்திரியில் நான் எழுதிக் கொடுத்தது சான்றிதழ்த் தேதியை, அவர் அம்மா சொன்ன தேதியை இல்லை! அதைச் சொன்னேன். தட்டினார். திறந்தது போல. கண் கீழே இறங்குகிறது. விரலால் தள்ளுகிறார். நான் புருவத்தையே பார்க்கிறேன். புருவம் லேசாக எழும்பி—

நின்றுவிட்டது. படம் நின்றுவிட்டது. வாய் பாதி திறந்து, புருவம் பாதி எழுந்து, கண் மூடியா திறந்தா என்று தெரியாமல். மேலே பார்த்தால் வெயிலை ஒரு மேகம் மூடியிருக்கிறது. இத்தனூண்டு மேகம். இருபத்திரண்டு வருடம் அந்த முகத்தோடு குடித்தனம் செய்திருக்கிறேன், அந்தப் பாதிப் புருவத்தைப் படிக்க முடியவில்லை. பிறகு அதுவும் போய்விட்டது.

நர்ஸ் "என்னக்கா, என்னக்கா" என்கிறார்.

ஐந்து நிமிடம் கழித்துக் குறுஞ்செய்தி.

"எல்லாம் சரி."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இந்த உலகத்தில் எவ்வளவு சொல் இருக்கிறது! "உண்மையச் சொல்லுங்க. இல்லன்னா இப்பவே நடந்தே எறங்கி வருவேன்" என்று எழுதினேன். இரண்டு தடவை அழித்து எழுத வேண்டியிருந்தது.

பதில் வரவில்லை. போன் மணி அடித்தது. வீடியோ இல்லை, சாதாரண அழைப்பு. என் நம்பர். அதாவது அவர். பேசக் கூடாத ஆள் எதற்குப் போன் பண்ணுகிறார்? டம்ளரிலிருந்து எடுத்துக் காதில் வைத்தால் சிக்னல் போய்விடும். எக்கி நின்று காதை டம்ளரிடம் கொண்டுபோனேன்.

முதலில் மின்விசிறிச் சத்தம். பிறகு தட்டு.

ஓர் அடி இல்லை, இரண்டு இல்லை. கணக்கே இல்லாமல். கரண்டியால், பிறகு எதனாலோ—எங்கள் வீட்டு இட்டலிப் பானை மூடியாகக்கூட இருக்கலாம்—வெறி பிடித்ததுபோல அடிக்கிறார். நடுவில் மேசை மணி ஒரு தடவை டிங் என்றது. அதையும் விடவில்லை. எதிர்வீட்டு அக்கா "என்னாச்சுங்க? என்னாச்சு?" என்று ஓடி வரும் சத்தம் கேட்டது. அப்புறமும் நிறுத்தவில்லை.

பொய் சொல்கிற ஆள் அப்படித் தட்டு அடிக்க மாட்டார்.

நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஸ்டூலிலிருந்து இறங்கினேன். அவரும் அழுதார், எதற்கென்று தெரியவில்லை. வழி திறந்துவிட்டது என்று ஓட்டுநர் ஹார்ன் அடித்தார்.

மார்ச் 21, சனி

ஆறாவது நிலையம் போகும் வழியில் ஒரு வளைவில் ஓட்டுநர் ஜீப்பை நிறுத்தினார். "இங்க ரெண்டு நிமிஷம் எடுக்கும்மா." எடுத்தது. நானே படித்தேன், இரண்டு தடவை. வெட்டிய விளிம்பு சுத்தம், வேறெங்கும் இல்லை, தொடர்ந்து கண்காணித்தால் போதும்.

அந்த ஆள் எழுத்தில் சொன்ன முதல் உண்மை.

மார்ச் 24, செவ்வாய்

வீடு. தட்டு தட்டாக இல்லை. நடுவில் குழி, விளிம்பு வாய் கோணி நிற்கிறது. அவர் அதை ஒளித்து வைக்கவில்லை, மேசை நடுவிலேயே வைத்திருந்தார்.

ஏப்ரல் 6, திங்கள்

டாக்டர் இன்றிலிருந்து பேசலாம் என்று சொல்லிவிட்டார். ஒரு நாளைக்குப் பத்தே நிமிடம். தாழ்ந்த குரலில். ஏலம் பற்றி மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம். அங்கே "ஆ" சொல்லச் சொன்னார், இவர் சொன்னார். காய்ந்த கதவைத் திறந்த மாதிரி ஒரு "ஆ". நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிவிட்டு எதிரே போய் உட்கார்ந்தேன். நாற்பத்தாறு நாள். முதலில் என்ன சொல்வார்? சும்மா என் வேலையைப் பார்ப்பதுபோல வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சிம் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. வெங்காயம் இன்றைக்கு என்ன விலை போனது என்பது எனக்குத்தான் தெரியும்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். கடிகாரத்தை எதிரே வைத்தார். மஞ்சள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். போனை எடுத்து வாடிக்கையாளர் சேவையை அழைத்தார்.

காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். பாட்டு நேரம் கணக்கில் வராது என்று எனக்குச் சைகை காட்டினார். ஆள் வந்ததும் விரலால் கடிகாரத்தைத் தட்டிவிட்டு ஆரம்பித்தார். "வணக்கம். மக்கள்தொகைல தொண்ணூத்தி நாலுன்னு போட்டிருக்கீங்களே, அந்த மீதி ஆறு பேர்ல என் சம்சாரமும் ஒருத்தி. அதப் பத்திப் பேசணும்." கரகரவென்ற குரல், பாதி காற்று. கத்தவில்லை. கத்தாமலே பேசினார். எதிர்முனையில் மேலதிகாரி வந்துவிட்டார். நான் மெதுவாகப் பேசச் சொல்லவில்லை. வெங்காயம் உரிப்பதையும் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வர ஒரு காரணம் வேண்டியிருந்தது.

பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறார்களாம். மன்னிப்பும் கேட்டார்களாம். சரியாகப் பத்து நிமிடம். வைத்தார்.

வாயைத் திறந்தார்—என்னைப் பார்த்து. நான் கடிகாரத்தைக் காட்டினேன். மூடிக்கொண்டார். பலகையை எடுத்து எழுதினார்:

"உனக்கு நாளைக்கு."